பதிவு செய்யப்பட்ட வயிறு

மழை வரப்போகிறதென்றால் உசனாருக்கு வயிற்றைக் கலக்கும். இது அவருடைய மனைவி சுல்பாவுக்குத் தெரியும். பக்கத்துப் பாத்திக்காரன் ஜபாருக்குத் தெரியும். அரசாங்கத்துக்குத் தெரியாமல் இருந்தவரை அந்த வயிற்றால் யாருக்கும் கெடுதல் வந்ததில்லை.

புத்தளத்தில், கடல்நீர் உள்ளே புகுந்து நிற்கும் களப்பின் ஓரத்தில் அவருக்கு நாலு உப்புப் பாத்திகள். உப்புச் செய்கையில் வேலை நிறைய, முடிவு ஒன்றுதான். பாத்தியில் கட்டிய நீர் காய்ந்து உப்பு படியும். ஒவ்வொரு நாள் வெயிலுக்கும் அது தடிக்கும். இன்றைக்கு வாரினால் மெல்லிய உப்பு. நாளைக்கு வாரினால் தடித்த உப்பு. இரவோடிரவாக மழை பெய்தால் உப்பே இல்லை, மூன்று மாத வெயில் கரைந்து களப்புக்குத் திரும்பிப் போய்விடும். ஆகவே ஒவ்வொரு பருவத்தின் கடைசி வாரத்திலும் பதினெட்டுக் குடும்பங்கள் பாத்தியையும் வானத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

பதினான்கு வருடத்தில் பதினொரு தடவை உசனார் சரியான நாளில் உப்பு வாரும் பலகையைக் கையில் எடுத்திருந்தார். மிச்சம் மூன்று தடவையைப் பற்றி அவர் கதைப்பதில்லை.

யுத்தம் முடிந்த பிறகு கரையோரத்துக்குப் பல அலுவலகங்கள் வந்தன. சில கிணறு கட்டின. சில, கிணறு கட்டியதற்குப் பெயர்ப்பலகை கட்டின. கடைசியாக வந்தது தீர்மான மேம்பாட்டு அதிகாரசபை. கரையோரத்துச் சனங்கள் யோசிக்காமல் முடிவெடுக்கிறார்கள் என்று எங்கோ ஓர் அறிக்கை சொல்லியிருந்தது. அதைத் திருத்துவது அதன் வேலை. கல்பிட்டி வீதியில் ஒரு வீட்டை எடுத்தார்கள். அதிகாரசபையின் சொந்தப் பெயர்ப்பலகை இரண்டு வருடமாக மதிலில் சாய்ந்து கிடந்தது. வாசலுக்கு வலப்பக்கம் பொருத்துவதா இடப்பக்கம் பொருத்துவதா என்பது ஆய்வில் இருந்தது.

பணிப்பாளர் கலாநிதி றொபின்சன். யாழ்ப்பாணத்திலிருந்து சண்டைக் காலத்தில் வந்து புத்தளத்தில் தங்கியவர். நல்ல மனிதர். எந்தக் கேள்விக்கும் உடனே பதில் சொல்லமாட்டார். பிறகும் சொல்லமாட்டார்.

அதிகாரசபை ஜபாரின் பாத்திக்கு அந்தப் பக்கம் ஒரு பாத்தியை எடுத்து, மாதிரிப் பாத்தி என்று பெயர் வைத்தது. சரியான நாளைக் கண்டுபிடிக்க அவர்களிடம் ஏழுபடி முறை ஒன்று இருந்தது. ஒரு வியாழக்கிழமை நடுப்பகலில் உசனார் தன் உப்பை வாரத் தொடங்கினார். அப்போது அதிகாரிகள் ஐந்தாம் படியில் நின்றார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து சனம் வெளியே வரும்போது மழை கொட்டியது. அதிகாரிகள் ஆறாம் படிக்கு வந்திருந்தார்கள்.

கரைந்த பாத்தியின் வரம்பில் குடை பிடித்து நின்றுகொண்டு பணிப்பாளர் ஓர் உரை ஆற்றினார்.

"எமது பகுப்பாய்வில் எந்தத் தவறும் நிகழவில்லை. மழைதான் பகுப்பாய்வு முடியும்வரை காத்திருக்கவில்லை. எனினும் ஒரு முக்கியமான பாடத்தைக் கற்றுக்கொண்டோம். அது என்ன என்பதை ஆராய ஒரு குழு நியமிக்கப்படும்."

குழு மூன்று மாதம் ஆராய்ந்து, பக்கத்தில் ஒருவர் ஏற்கெனவே உப்பை வாரியிருந்தார் என்பதைக் கண்டுபிடித்தது.

*

உசனாரைப் பார்க்க வந்தவள் சந்திரவதனா. அதிகாரசபையின் அபிவிருத்தி உத்தியோகத்தர். யுத்தத்துக்குத் தப்பி வன்னியிலிருந்து சிறுவயதில் தாயோடு வந்தவள். நாற்பத்திரண்டு கேள்விகளுள்ள படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு கதிரை நுனியில் இருந்தாள்.

"நானா, வயிறு கலங்கேக்க எந்தப் பக்கம் முதல் கலங்கும்?"

உசனார் அதைப் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை. வலக்கையில் தேத்தண்ணிக் கோப்பை இருந்தது.

"இடப்பக்கம்," என்றார்.

அவள் எழுதிக்கொண்டாள். தான் சொன்னதை ஒரு படித்த பிள்ளை எழுதுவதைப் பார்த்தபோது, அது உண்மை என்று உசனாருக்கே தோன்றியது.

"கலங்கிறதுக்கு முதல் சுத்துவட்டாரத்தில என்ன நடந்தது? பதினொரு தரத்துக்கும் சொல்லவேணும்."

"என்னத்தச் சொல்ற மிஸ்? ஆடு கத்தியிருக்கும். பள்ளியில பாங்கு சொல்லியிருக்கும். இவ முத்தத்தில ஏதாவது செஞ்சிக்கிட்டு இருந்திருப்பா."

"அதுகளையும் சொல்லுங்கோ. எனக்கு எல்லாம் வேணும்."

"இவ்வளவும் எதுக்கு மிஸ்?"

அவள் பேனையை மூடினாள். "எங்கட வீட்டில யோசிக்க நேரமே கிடைச்சதில்லை நானா. அம்மா கதவைப் பூட்டிப்போட்டுத்தான் எந்தப் பக்கம் போறதெண்டு யோசிச்சவா. அதாலதான் எனக்குப் படிவமெண்டா விருப்பம். இருந்து யோசிக்கலாம்."

உசனார் கோப்பையைக் கீழே வைத்தார். அவர் பதினொரு தடவையையும் ஞாபகத்தில் வந்தபடி சொன்னார். இரண்டு பின்னேரம் போனது.

பத்து நாளில் கடிதம் வந்தது. அவருடைய வயிறு 'தேசிய உள்ளுணர்வு வளம்' என்று பதிவு செய்யப்பட்டிருந்தது. இலக்கம் ஒன்று. இரண்டாம் இலக்கம் யாருக்கும் கொடுக்கப்படவில்லை என்று விசாரித்து அறிந்தபோது உசனாருக்கு உள்ளே குளிர்ந்தது. கடிதத்தை அலுமாரிக்குள் நிக்காஹ் பத்திரத்துக்கு மேலே வைத்தார்.

ஜபார் வரம்பிலிருந்து கூப்பிட்டான்.

"நானா, உங்கட வயித்துக்கு ஒப்பிசில வேலை கெடச்சிச்சாமே. நீங்களும் கூடப் போறீங்களா, அது தனியாப் போகுமா?"

"பொறாமப்படாத ஜபார்."

"எனக்கென்ன பொறாம? எண்ட வயிறு சோறு கேக்கும். அத விட்டா வேற கத தெரியா அதுக்கு."

*

வளம் என்று ஆகிவிட்டால் பாதுகாக்க வேண்டும். மாட்டிறைச்சி, மாசிச் சம்பல், அன்னாசி எல்லாம் தடை. பாணும் வெள்ளைப் பருப்பும் மட்டும் சாப்பிட வேண்டும். அப்போதுதான் வயிறு சொல்வது கலப்படமில்லாமல் கேட்கும். தினமும் காலை ஆறு பத்துக்குச் சந்திரவதனா தொலைபேசியில் கூப்பிட்டு வயிற்று நிலை கேட்பாள். அமைதி, சலனம், கலக்கம் என்று மூன்று நிலைகள்.

முதல் வாரம் உசனார் உண்மையைச் சொன்னார். ஏழு நாளும் அமைதி. இரண்டாம் வாரம், சம்பந்தப்பட்டவர்கள் ஏமாந்துபோவார்களே என்று ஒருநாள் 'சலனம்' என்றார். அன்றைக்கே அதிகாரசபை வாகனம் வந்து நின்றது. பணிப்பாளர் இறங்கினார். பின்னால் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து ஓய்வுபெற்ற அப்போதிக்கரி யோசேப்பு, காதில் மாட்டிக் கேட்கும் குழாயோடு இறங்கினார். உசனாரைப் பாயில் படுக்கவைத்து, சாரத்தைக் கொஞ்சம் இறக்கி, யோசேப்பு நீண்ட நேரம் கேட்டார்.

"இது வாய்வு," என்றார்.

"வாய்வு என்பது மருத்துவப் பார்வை," என்றார் பணிப்பாளர். "நாங்கள் முகாமைத்துவப் பார்வையில் பார்க்கிறோம்."

"எந்தப் பார்வையில பாத்தாலும் வாய்வுதான் சேர். இஞ்சியும் உள்ளியும் இடிச்சுக் குடிச்சாச் சரி."

யோசேப்புக்கு அடுத்த முறை அழைப்புப் போகவில்லை. உசனாருக்கும் யோசேப்பில் கோபம். தன் வயிற்றைப் பற்றி ஓர் அப்போதிக்கரிக்கு என்ன தெரியும்?

அவர் இப்போது வயிற்றை மதித்து நடந்தார். வீதியில் போகும்போது ஒரு கையை அதன் மேல் வைத்துக்கொண்டார். சனம் பார்ப்பது தெரிந்தால் கொஞ்சம் நின்று, தலையைச் சரித்து, கேட்பது போல் பாவனை செய்தார். அது எப்படித் தோன்றுகிறது என்று அறிய அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் பழகிப் பார்த்தார்.

சுல்பா வாசலில் நின்றாள்.

"கண்ணாடிக்கு வயித்தக் காட்டிக்கிட்டு என்ன செய்றீங்க?"

"இது ஆராய்ச்சி. உனக்கு வெளங்காது."

"ஆராய்ச்சிய மூடிக்கிட்டு வாங்க. பருப்பு ஆறுது."

ஆலங்குடாக் கடற்கரை விடுதி ஒன்றில் நாற்பது உத்தியோகத்தர்களுக்குப் பயிற்சிப் பட்டறை நடந்தது. ஜன்னலுக்கு வெளியே வெள்ளைக்காரர்கள் பட்டத்தில் தொங்கிக்கொண்டு கடலில் பறந்தார்கள். உசனார் மேடையில் இருந்தார். அவரைப் பேசச் சொன்னார்கள். அவர் எழும்பி, தொண்டையைச் சரிசெய்து, "வயித்தக் கேக்கிறவனுக்கு வானத்தக் கேக்கத் தேவையில்ல," என்றார். நாற்பது பேரும் குறிப்பேட்டில் எழுதினார்கள். உசனாருக்கும் அந்த வசனம் பிடித்திருந்தது. மறந்துவிடக்கூடாதென்று பக்கத்தில் இருந்தவரிடம் பேனை வாங்கி உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

பணிப்பாளர் எல்லோரையும் கண்ணை மூடி, கையை வயிற்றில் வைத்து, அது என்ன சொல்கிறது என்று கேட்கச் சொன்னார். நேரம் பன்னிரண்டு இருபது. நாற்பது வயிறும் ஒரே தீர்மானத்தைச் சொல்லின. அதிகாரசபையின் வரலாற்றில் இப்படியோர் உடன்பாடு ஏற்பட்டதில்லை என்று அறிக்கையில் பதிவானது. தீர்மானம் என்ன என்பது பதிவாகவில்லை.

சாப்பாட்டுக்குக் கோழியா மீனா என்பதை முடிவுசெய்ய அட்டவணை ஒன்று கொடுக்கப்பட்டது. சுவை, முள், விலை, கடந்தகால அனுபவம் என்று புள்ளி போட்டார்கள். ஒரு மணி நேரத்தில் கோழி வென்றது. அதற்குள் விடுதியில் இருந்த சுற்றுலாக்காரர்கள் கோழியைச் சாப்பிட்டு முடித்திருந்தார்கள்.

"இது முறையின் தோல்வி அல்ல," என்றார் பணிப்பாளர், மீனைப் பிய்த்தபடி. "கோழியின் தோல்வி."

அந்த மேடையில்தான் உசனார் சுற்றறிக்கையில் கையொப்பம் வைத்தார். இனிமேல் சான்றளிக்கப்பட்ட வயிற்று அறிக்கை இல்லாமல் களப்போரத்தில் எவரும் உப்பு வாரக்கூடாது. அப்படி வாரிய உப்பை, உப்பு வாங்கும் அரசாங்கக் களஞ்சியம் ஏற்காது. அறிக்கையில் 'கலக்கம்' என்று அதிகாரசபை முத்திரை குத்திய பிறகே பதினெட்டுக் குடும்பங்களும் பாத்தியில் இறங்கலாம்.

அவர் வாசிக்காமல் கையொப்பம் வைத்தார் என்று சொல்லமுடியாது. வாசித்தார். தன் பெயர் வரும் இடங்களை இரண்டு தரம் வாசித்தார்.

*

செப்டம்பர் மாதம் முடியும் தறுவாயில் உப்பு தடித்துவிட்டது. காலால் தட்டினால் சத்தம் கேட்டது. மகள் நஸ்ஹா கனமூலையில் வாழ்க்கைப்பட்டவள், தலைப்பிள்ளைக்கு நாள் நெருங்கியிருந்தது. சுல்பா உடுப்புப் பையோடு பஸ் ஏறினாள்.

"சோத்துக்கு ஜபார்ட ஊட்டில சொல்லியிரிக்கன். பாணத் தின்டு தின்டு சாகாதீங்க," என்றாள்.

அவள் போன மறுநாளிலிருந்து வயிறு ஒன்றும் சொல்லவில்லை.

உசனார் முதலில் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. மழை இல்லை, ஆகவே கலக்கமும் இல்லை. மூன்றாம் நாள் ஜபார் வந்து வரம்பில் குந்தினான்.

"நானா, மூட்டம் போடுது. வயிறு என்ன சொல்லுது?"

"அமைதி."

"அமைதியெண்டா மழ வராதெண்டா? இல்லாட்டி அதுக்குத் தெரியாதெண்டா?"

இந்த வித்தியாசத்தை உசனார் யோசித்திருக்கவில்லை. அதிகாரசபையும் யோசித்திருக்கவில்லை.

அவர் மாட்டிறைச்சி தின்றுபார்த்தார். பட்டினி கிடந்துபார்த்தார். இடப்பக்கம் படுத்தார், வலப்பக்கம் படுத்தார். வயிறு களப்பு மாதிரிக் கிடந்தது. ஒவ்வொரு காலையும் சந்திரவதனாவிடம் 'அமைதி' என்றார். பதினெட்டுப் பாத்திக்காரரும் பாத்தியோரத்தில் இருந்த அவருடைய வாடி வீட்டுக்கு முன்னால் வந்து இருக்கத் தொடங்கினார்கள். பலகைகளையும் கொண்டுவந்திருந்தார்கள். யாரும் ஏசவில்லை. அவருடைய சாரக்கட்டுக்கு மேலே கண்ணை வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். அது ஏசுவதைவிட மோசமாக இருந்தது.

ஐந்தாம் நாள் காலை சந்திரவதனா கோப்போடு வந்தாள். கண் சிவந்திருந்தது.

"நானா, ஒண்டு சொல்லவா? கோவிக்கக்கூடாது."

"சொல்லுங்க மிஸ்."

"வயிறு ஏன் பேசாமல் கிடக்குதெண்டு பாக்க, நீங்கள் சொன்ன பதினொரு தரத்தையும் திருப்பி வாசிச்சனான்." அவள் தாளைப் புரட்டினாள். "முதல் தரம்: 'சுல்பா முத்தத்தில கருவாட்டுப் பாயச் சுருட்டினா, நான் பாத்தியில நிண்டன், வயித்தக் கலக்கினிச்சி.' ரெண்டாம் தரம்: 'ஆடு கத்தினது, சுல்பா கருவாட்டத் தூக்கிக்கிட்டு உள்ளுக்குப் போனா.' மூண்டாம் தரம்..."

"எல்லாத்திலயுமா?"

"பதினொண்டிலயும். ஆடு நாலு தரந்தான். பாங்கு மூண்டு. கருவாடு பதினொண்டு."

உசனார் முற்றத்தைப் பார்த்தார். சுல்பா போனதிலிருந்து அங்கே பாயும் இல்லை, கருவாடும் இல்லை.

"அப்ப எண்ட வயிறு..."

"உங்கட வயிறு சுல்பா அக்காவைப் பாத்துத்தான் கலங்கியிருக்கு, நானா."

அவர் சிரித்தார். பிறகு உள்ளங்கையைப் பார்த்தார். ஆலங்குடாவில் எழுதியது எப்போதோ கழுவிப்போயிருந்தது. அதுவரையில் நல்லது என்று நினைத்துக்கொண்டார்.

சந்திரவதனா அங்கிருந்தே பணிப்பாளரைக் கூப்பிட்டு விபரம் சொன்னாள். அவருடைய குரல் வெளியே கேட்டது.

"கண்டுபிடிப்பு மிகச் சிறப்பு. ஆனால் படிவத்தில் மனைவி என்ற நிரல் கிடையாது. நிரல் சேர்ப்பதற்குக் கொழும்பு அனுமதிக்க வேண்டும். ஆறு வாரம் பிடிக்கும். அதுவரைக்கும் வயிற்றையே பயன்படுத்துங்கள். நான் நேரில் வருகிறேன்."

*

பத்து மணிக்குக் காற்று நின்றது. களப்புக்கு அந்தப் பக்கம் மாம்புரியில் காற்றாலைகளின் இறக்கைகள் ஒன்றொன்றாக ஓய்ந்தன. மேற்கே கருத்திருந்தது. கருத்தால் பெய்யவேண்டும் என்றில்லை. பெய்யாது என்றும் இல்லை.

உசனார் வாடிக்குப் பின்னால் போய் சுல்பாவைக் கூப்பிட்டார்.

"நஸ்ஹா எப்பிடி?"

"இன்னும் இல்ல. இண்டைக்கோ நாளைக்கோ எண்டு சொல்றாங்க. என்ன கொரல் ஒரு மாதிரி?"

"சுல்பா, நீ கருவாட்ட எத வச்சி உள்ளுக்கு எடுக்கிற?"

"என்னது?"

"மழைக்கி முந்தி எடுக்கிறயே. மழ வரப்போறது உனக்கு எப்பிடித் தெரியும்?"

"எனக்கெங்க தெரியும்? நான் உங்களப் பாப்பன். நீங்க பாத்தியில நிண்டு, மேல பாத்து, வயித்தத் தடவினீங்கண்டா ஓடிப்போய்க் கருவாட்ட எடுத்துருவன். உங்களுக்குத்தானே அது தெரியும். ஊரே சொல்லுது. இப்ப கவுமெந்தும் சொல்லுது."

உசனார் தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். மறுபடி காதில் வைத்தார்.

"ஆ, சும்மா கேட்டன்," என்றார்.

பதினான்கு வருடமாக அவர் அவளைப் பார்த்திருக்கிறார். அவள் அவரைப் பார்த்திருக்கிறாள். வானத்தை யார் பார்த்தது என்று தெரியவில்லை.

முன்பக்கம் வந்தார். பதினெட்டுக் குடும்பங்களும் எழும்பி நின்றன. ஜபார் இந்த முறை பகிடி விடவில்லை.

"நானா, மனிசியும் ரெண்டு புள்ளைகளும் நானும் மூணு மாசம் வெயில்ல நிண்டிரிக்கிறம். என்னத்தையாவது சொல்லுங்க."

என்னத்தையாவது சொல்வதற்காகத்தான் உசனார் யோசித்தார். அவசரத்தில் யோசித்ததால் சுருக்கமாக யோசிக்க வேண்டியிருந்தது. வாரிய பிறகு மழை வராவிட்டால் கொஞ்சம் போகும். வாராமல் மழை வந்தால் எல்லாம் போகும். அவ்வளவுதான். இதற்கு வயிறும் தேவையில்லை, ஏழு படியும் தேவையில்லை. ஏன் இது முன்னமே தோன்றவில்லை என்றும் யோசித்தார். அதற்கும் விடை உடனே கிடைத்தது. ஒவ்வொரு பருவமும் இன்னும் ஒருநாள் தடிக்கட்டுமே என்று ஆசைப்பட்டுக்கொண்டு நின்றவர்களில் அவர்தான் முதல் ஆள்.

அதிகாரசபை வாகனம் வந்தது. பணிப்பாளர் வரம்பில் கவனமாகக் கால் வைத்து வந்தார். எந்தக் கல்லில் கால் வைப்பது என்று ஒவ்வொரு தடவையும் நின்று பார்த்தார்.

"உசனார், வயிற்று நிலை?"

பதினெட்டுக் குடும்பம், தலைப்பிள்ளைக்குக் கிடக்கும் மகள், மேற்கே மூட்டம். உசனார் வயிற்றில் கை வைத்தார். மூன்று மாதத்தில் முதல் தடவையாக அது உண்மையாகவே கலங்கிக்கொண்டிருந்தது.

"கலங்குது சேர்."

"எதனால்?"

"பயத்தால."

"பயம் காரணங்களின் பட்டியலில் இல்லை. எந்தப் பக்கம் கலங்குகிறது?"

"எல்லாப் பக்கமும்."

பணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "படிவத்தில் இடம் அல்லது வலம்தான் இருக்கிறது. எல்லாப் பக்கமும் என்றால் அது உள்ளுணர்வா அல்லது சாதாரண மனித நிலையா என்ற கேள்வி எழுகிறது. பொறுப்புள்ள ஒரு நிறுவனம் என்ற வகையில் நாங்கள் அவசரப்பட முடியாது. நான் இந்தப் பதவிக்கு வந்து மூன்று வருடம். இதுவரைக்கும் ஒரு பிழையான முடிவும் எடுத்ததில்லை. எந்த முடிவும் எடுக்காததால்தான் அதைக் காப்பாற்ற முடிந்தது. ஆகவே..."

டக் என்று சத்தம் கேட்டது. சந்திரவதனா வாகனத்தின் முன்மூடியில் படிவத்தை வைத்து முத்திரை குத்தியிருந்தாள்.

"இடம் எண்டு போட்டிட்டன் சேர்," என்றாள்.

"என்ன அடிப்படையில்?"

"தெரியாது சேர். பிறகு இருந்து யோசிப்பம்."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாத்தியில் இறங்கினாள். பலகையை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் தலைகீழாகப் பிடித்தாள். ஜபாரின் மனைவி அதைத் திருப்பிக் கொடுத்தாள். அதற்குள் பதினெட்டுக் குடும்பங்களும் இறங்கிவிட்டன. களப்போரம் முழுக்கப் பலகை உராயும் சத்தம். பணிப்பாளர் வரம்பில் தனியாக நின்றார். கொஞ்ச நேரத்தில் யாரோ அவர் கையில் உப்பை மூடும் தென்னோலைக் கிடுகு ஒன்றைக் கொடுத்துப் போனார்கள். அதை எங்கே வைப்பது என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

பின்னேர அஸர் தொழுகைக்கு முந்தி வாரி முடிந்தது. குவியல்களைக் கிடுகால் மூடிக் கல் வைத்தார்கள். அப்போது காற்று எழும்பியது. மாம்புரியில் இறக்கைகள் மறுபடி சுற்றின. மேற்கிலிருந்த மூட்டம் கலைந்து, கழுவித் துடைத்த மாதிரி வெயில் அடித்தது.

ஜபார் தன் குவியலின் மேல் இருந்துகொண்டு வானத்தைப் பார்த்தான்.

"நானா."

"ஓம்."

"ஒரு துளியும் இல்ல."

"இல்லத்தான்."

"இன்னும் மூணு நாள் விட்டிருந்தா நல்லாத் தடிச்சிரிக்கும்."

"தடிச்சிரிக்கும்."

மறுநாளும் வெயில். அதற்கடுத்த நாளும் வெயில். அப்படியொரு வெயிலை அந்தப் பருவத்தில் யாரும் கண்டதில்லை. களப்போரத்தில் உசனாருடன் ஒருவரும் கதைக்கவில்லை. ஜபாரின் வீட்டிலிருந்து சோறு வந்தது, கறி வரவில்லை. அவர் பகலில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார். யாராவது பார்த்துவிடுவார்கள் என்று வயிற்றில் கை வைக்கவும் பயந்தார். மெல்லிய உப்புக்குத் தானே காரணம் என்று அவருக்குத் தெரியும். ஆனால் இந்த முறை காரணத்தைக் கேட்டால் ஒரே மூச்சில் சொல்லமுடியும். யாரும் கேட்கவில்லை.

நாலாம் நாள் விடியற்காலை மழை பிடித்தது. பெரிய மழை. பாத்தியும் வரம்பும் களப்பும் ஒன்றாகின. கிடுகின் கீழே பதினெட்டுக் குடும்பத்தின் உப்பும் காய்ந்து கிடந்தது. ஜபார் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து வாசலில் நின்றான். ஒரு கோப்பையில் மாட்டிறைச்சிக் கறியை வைத்துவிட்டுப் போனான்.

அதே நாள் அதிகாரசபை அறிக்கை வெளியிட்டது. முதல் பந்தியில், மூன்று நாள் முந்தி வாரப்பட்டதால் ஏற்பட்ட இழப்புக்கு அதிகாரசபை பொறுப்பல்ல என்று இருந்தது. இரண்டாம் பந்தியில், மழைக்கு முந்தி முழு உப்பையும் காப்பாற்றியது அதிகாரசபையின் வழிகாட்டல் என்று இருந்தது. இரண்டு பந்திகளிலும் எதை எடுப்பது என்று தெரியாமல் இரண்டையும் விட்டிருந்தார்கள். சந்திரவதனாவிடம் விளக்கம் கோரப்பட்டது. அவள் நாற்பது பக்கத்தில் எழுதிக் கொடுத்தாள். அதை எழுதி முடிக்க மூன்று வாரம் பிடித்தது. சந்தோசமாக எழுதினாள் என்று கேள்வி.

மழைக்குள் தொலைபேசி அடித்தது. சுல்பா.

"நஸ்ஹாக்குப் பொம்புளப் புள்ள. விடியச் சுபஹுத் தொழுகையோட பொறந்திச்சி. ரெண்டு பேரும் சொகம்."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் உசனார். "இஞ்ச நல்ல மழ. உப்பெல்லாம் வாரியாச்சி. எல்லாரிட உப்பும்."

"மாஷா அல்லாஹ். வயிறு சொல்லிச்சா?"

"இல்ல. அது ஒண்டும் சொல்லல்ல."

"பொறகு?"

"சும்மா வாரினம்."

அந்தப் பக்கமும் மழைச் சத்தம் கேட்டது.

"இஞ்சயும் பெய்யுது," என்றாள். "புள்ளைக்கித் தச்ச சட்ட, துணி, சுத்துற சீல, ஒண்டு விடாம முத்தத்துக் கொடியில கெடந்திச்சி. எல்லாம் நனைஞ்சி போச்சி. புள்ள இப்ப மருமகன்ட சாரத்துக்குள்ள கெடக்கு."

"மூட்டம் போட்டிருக்குமே. பாத்து எடுத்திருக்கலாமே."

"நான் எத்தன தரம் முத்தத்துக்கு வந்து பாத்தன் தெரியுமா?" என்றாள் சுல்பா. "வயித்தத் தடவ இஞ்ச ஒரு மனுசன் இல்லயே."